திருடன் விட்டுப்போன சிவப்புப் படம்

ஒன்பதாம் அத்தியாயம்

ஊருக்கெல்லாம் தண்ணீரைக் காட்டிக்கொடுத்தவனைத் தண்ணீரே வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று குருசுக்குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது? கடலோரக் கருங்கற்களின் இடுக்கில் தேவதாஸின் உடலை வலைக்காரர்கள் கண்டெடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போலீசும் அதே பேச்சைத்தான் கொஞ்சம் மரியாதையான தமிழில் எழுதி வைத்திருந்தது. தற்கொலை. நாளைக் காலையில் கோப்பை மூடிவிடுவார்கள்.

தேவதாஸ் வீட்டுக் கூடத்தில் ரஃபாயேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இதே ஊர்ப் போலீசில் இருந்தவர். மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, நேரு வீதிக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் தொழில் நடத்துகிறார். அவர் பக்கத்தில் நின்றவள் உதவியாளர் கார்குழலி. மூடிப்போன மில்லின் தொழிலாளி மகள். அவளுடைய ஸ்கூட்டிக்கும் வாய்க்கும் பிரேக் கிடையாது என்று தெரிந்துதான் ரஃபாயேல் அவளை வேலைக்கு வைத்தார். அவரை அவள் 'முசே' என்றுதான் கூப்பிடுவாள், பிரெஞ்சில் ஐயா. இன்றைக்கு அவள்கூட அடக்கி வாசித்தாள். எதிரே தரையில் தேவதாஸின் மனைவி ஜெயம் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தேவதாஸின் படம். அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி.

"இவரு போட்டுக் குடுத்த தண்ணி வரைபடத்தை நம்பி கல்நத்தத்துல ஏழு பேரு போர் போட்டாங்கண்ணே" என்றாள் ஜெயம். "ஏழுலயும் தண்ணி வரல, வெறும் புகை. அதுல இராமதாஸ்னு ஒருத்தரு பூச்சி மருந்து குடிச்சிட்டாரு. அந்த அவமானத்துல இவரு கடல்ல எறங்கிட்டாருன்னு எழுதிட்டாங்க."

"நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?"

"நான் நெனைக்கிறது இருக்கட்டும். அவரா என்னை விட்டுட்டுப் போனாரா, இல்ல எங்கிட்டேர்ந்து புடுங்கிட்டாங்களா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். அவராத்தான் போனாருன்னா, அந்தப் படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிடுவேன்."

அழுது சொல்லியிருந்தால் ரஃபாயேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னாள்.

அடக்கத்துக்கு எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ பூட்டை உடைத்து உள்ளே வந்திருந்தார்கள். ஆணியில் தொங்கிய வெள்ளிச் செயின் அப்படியே இருந்தது. ரேடியோ இருந்தது. தேவதாஸின் அறையில் இருந்த படங்கள் மட்டும் போயிருந்தன.

"என்னென்ன போச்சுக்கா?" என்று கேட்டாள் கார்குழலி.

"செவுத்துல ஒட்டி வெச்சிருந்த வரைபடம் எல்லாம். பச்சையும் மஞ்சளுமா இருக்கும். அப்புறம் உரக்கடைக் காலண்டரு."

"காலண்டரா?"

"ஆமா. நெல்லு வயலு படம் போட்டது. சிலிண்டர் வந்த தேதியெல்லாம் அதுலதான் சுழிச்சி வெச்சிருந்தேன். அதை எடுத்துனு போயி என்ன பண்ணப் போறானோ."

"முசே, வந்தது திருடன் இல்ல" என்றாள் கார்குழலி. "ஆடு. பச்சையா இருந்ததையெல்லாம் மேஞ்சிட்டுப் போயிருக்கு."

ரஃபாயேல் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார். அந்த அறையின் மேசைமேல் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது. சாம்பலும் வெளிறிய நீலமுமாக, பழைய காயத்தின் பொருக்கைப் போன்ற ஒரு படம். நடுவில் ரத்தச் சிவப்பில் சின்னச் சதுரம். ஓரத்தில் அச்சாகியிருந்தது: கல்நத்தம், மே.

"இது சாட்டிலைட்டு படம், புதுசுண்ணே" என்றாள் ஜெயம். "எங்க தப்பு பண்ணோம்னு பாக்கறேன்னு சொல்லி வாங்கினாரு. வந்த அன்னிக்கு ராத்திரி ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்ட்டாரு. 'தப்பு நம்ம மேல இல்ல ஜெயம்'னாரு. மறுநா சாயந்திரம் ஒருத்தரைப் பாத்துட்டு வரேன்னு போனவருதான். போலீஸ்ல இதைச் சொன்னா, உன்னைத் தேத்தறதுக்குச் சொல்லியிருப்பாருன்றாங்க."

இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவன் மறுநாள் கடலில் இறங்குவானா? இறங்கியவர்களையும் ரஃபாயேல் பார்த்திருக்கிறார். தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

தேவதாஸ் வேலை பார்த்த இடம், கால்வாய்க்குக் கிழக்கே ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் மாடி. முதலாளி லூயி. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், அறுபதைத் தொட்டவர். வெள்ளைச் சட்டை, கைத்தடி. தேவதாஸின் சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான். பேர் சொன்னதும் கண் கலங்கியது.

"வறண்ட ஊர்ல தண்ணி எங்க இருக்குன்னு வானத்துலேர்ந்து தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தாள் கார்குழலி. சுருட்டிய தாள் அவள் பையில் இருந்தது. அதைக் காட்டக் கூடாது என்று வாசலிலேயே ரஃபாயேல் சொல்லியிருந்தார்.

"தண்ணி தெரியாதும்மா. தண்ணி தங்கறதுக்கான காரணம் தெரியும்" என்றார் லூயி. "என்ன பாறை, எவ்வளவு சரிவு, ஓடை எத்தனை, பாறையில வெடிப்பு எங்க நேர்கோடா ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடுவோம். எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, கூட்டுத்தொகை எங்க அதிகமோ அங்க பச்சை பூசுவோம். பச்சைன்னா தண்ணி கிடைக்க வாய்ப்பு அதிகம்."

"கல்நத்தம் மார்க் வாங்கிடுச்சு. தண்ணிதான் பரிட்சைக்கே வரல."

லூயி அவளைப் பார்த்தார். "ஒரு மனுஷன் செத்துப் போயிருக்காம்மா."

"ரெண்டு பேரு சார்" என்றாள் அவள்.

ரஃபாயேல் குறுக்கிட்டார். "சாட்டிலைட் படம் போட்டோ மாதிரிதானே? மரம்னா பச்சையா இருக்கும்?"

"சிவப்பா இருக்கும். உயிருள்ள இலை, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் திருப்பி அனுப்பும். அதை நாம பாக்கறதுக்காகச் சிவப்பு குடுக்கறோம். இந்தத் தொழில்ல பழகிட்டா சிவப்பைப் பாத்தா மனசுல தானா பச்சைன்னு விழும்."

"என்ன மரம், என்ன பயிர்னும் தெரிஞ்சிடுமா?"

"எங்க படத்துல தெரியாது. இலை இருக்குன்னு மட்டும் தெரியும். வேம்பா வெள்ளரியான்னு ஆள் நடந்து போய்த்தான் பாக்கணும். அதெல்லாம் தேவதாஸ் வேலை. எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு. கல்நத்தம் எந்தத் திக்குல இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"போர் போட்டது யார்?"

"கொளஞ்சின்னு ஒரு ஆள். தவளக்குப்பத்துல வண்டி வெச்சிருக்கான்."

கீழே வந்ததும் ஸ்கூட்டி சீட்டின்மேல் தாளை விரித்தாள் கார்குழலி. மே மாத வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில், ஏழு போர் பொய்த்த ஊரின் நட்டநடுவில், ஒரு சதுரம் மட்டும் உயிரோடு பச்சை பிடித்து நிற்கிறது. தண்ணீர் இல்லாமலா?

"அங்க யாருக்கோ தண்ணி கிடைச்சிருக்கு முசே. இதைத்தான் அந்த மனுஷன் பாத்துட்டாரு."

"திருடன் தேடி வந்ததும் இதைத்தான்."

"தேடி வந்ததை விட்டுட்டு காலண்டரைத் தூக்கிட்டுப் போயிருக்கான். அப்ப லூயி சார் இல்ல. அவரா இருந்தா முதல்ல இதைத்தான் சுருட்டியிருப்பாரு. வந்தவன் சிவப்பைச் சிவப்பாப் பாக்கறவன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரஃபாயேலும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டியதற்குச் சாயங்காலம் வெட்கப்படப்போகிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அரியாங்குப்பம் பாலம் தாண்டி, கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்தைக்குப் பின்னால் இருந்தது கொளஞ்சியின் கொட்டகை. போர் வண்டி வேப்பமர நிழலில் நின்றது. பாறைக்குள் இறக்கும் இரும்புக் கம்பிகள் அதன்மேல் அடுக்கடுக்காக இருந்தன. கொளஞ்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தான். நாற்பது வயசு, உப்பிய கன்னம், தூங்காத கண்.

"கல்நத்தமா? அதை இன்னாத்துக்கு கேக்கறீங்க சார். தலையெழுத்து. இருக்கற கம்பி அத்தினியும் எறக்கினேன். கடைசி வரைக்கும் புகை. பாறையில தண்ணி இல்லன்னா நான் இன்னா, வாயில ஊத்திக்கினு போயா துப்ப முடியும்?"

"ஏழு போர்லயும் எல்லாக் கம்பியும் எறக்கினீங்க?"

"சத்தியமா சார்."

ரஃபாயேல் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். மேல் அடுக்குக் கம்பிகள் பாறையில் உரசி உரசி வெள்ளிக் கொலுசுபோலப் பளபளத்தன. கீழ் அடுக்கில் இருந்த கம்பிகள் வாங்கிவந்த நாளின் நீலப் பெயிண்டோடு கிடந்தன. ஒரு கீறல் கிடையாது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கொழுத்த சிலந்தி ஒன்று வலை கட்டி உட்கார்ந்திருந்தது.

"ஏண்ணே" என்றாள் கார்குழலி, "எறக்கி ஏத்தின கம்பிக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சீங்க, சரி. சிலந்தியை எங்க வாடகைக்குப் புடிச்சீங்க?"

கொளஞ்சி மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டான். ரஃபாயேல் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். கட்டில், ஸ்டவ், சாமி படம். அதன் பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு நெல்வயல். உரக்கடைக் காலண்டர். மார்ச்சில் ஒரு தேதியைச் சுற்றிப் பேனாச் சுழி. ஏப்ரலில் ஒன்று.

"சிலிண்டர் எப்ப வந்துச்சு கொளஞ்சி?" என்று கேட்டார்.

"சிலிண்டரா? நமக்கு மண்ணெண்ணெ ஸ்டவ்தான் சார்" என்று சொன்ன பிறகுதான் கொளஞ்சி காலண்டரைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான்.

"நல்லா இருந்துச்சு சார். மத்ததெல்லாம் கொளுத்திட்டேன். இது காலண்டருதானேன்னு மாட்டினேன்."

"தேவதாஸை ஏன் கொன்னே?"

"ஐயோ, அது நானில்ல சார். எங்கம்மா மேல ஆணை. நான் பண்ணது ரெண்டு. சொன்ன ஆழத்துல நிறுத்தினேன். சொன்ன படத்தை எடுத்தேன். தேவதாஸ் சாரு கடைசி ரெண்டு கம்பி எறக்கினாத்தான் வெடிப்பு சிக்கும்னு எழுதிக் குடுத்தாரு. அதுக்கு மின்னாடியே நிறுத்தச் சொல்லி நெலம் வாங்கற புரோக்கர் ஒருத்தன் வந்து சொன்னான். போர் எல்லாம் பொய்ச்சா நெலத்தைக் கேட்ட விலைக்குக் குடுத்துடுவாங்கன்னு அவங்க கணக்கு. ஃபாரின் கம்பெனிக்கு பாட்டில் தண்ணி ஃபேக்டரி கட்டப் போறாங்களாம். புரோக்கர் வாங்கின நெலத்துல மட்டும் வேற வண்டி வெச்சி ஆழமாப் போட்டான். தண்ணி பீச்சி அடிச்சிச்சு. வேலி கட்டி உள்ள சவுக்கு வெச்சிருக்கான்."

"ஊர்க்காரங்க கம்பியை எண்ணலியா?" என்று கேட்டாள் கார்குழலி. குரலில் கிண்டல் போயிருந்தது.

"புகையும் சத்தமுமா இருக்கும். கற்பூரத்தைக் கொளுத்தி வெச்சிக்கினு குழியத்தான் பாப்பாங்க, கம்பிய யாரு எண்றா? இராமதாசு மட்டும் எண்ணாரு." கொளஞ்சி தரையைப் பார்த்தான். "'இன்னும் ரெண்டு கம்பி எறக்குப்பா'ன்னு எங்கால்ல உழுந்தாரு. கம்பி மாட்டிக்கும், வண்டி போயிடும்னு சொல்லிட்டேன்."

வெளியே சந்தைப் பக்கம் யாரோ எலுமிச்சை விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"படத்தை எடுக்கச் சொன்னதும் புரோக்கரா?" என்று கேட்டார் ரஃபாயேல்.

"இல்ல சார். அன்னிக்கு புரோக்கர் செல்லுல வேற ஒருத்தரு பேசினாரு. வயசான குரலு. மூஞ்சி பாத்ததில்ல. 'ரூமுல செடி தெரியிற படம் இருக்கும், அதை உட்டுடாத'ன்னு அதட்டினாரு. எது எதுல பச்சை தெரிஞ்சிச்சோ அத்தினியும் உருவிட்டேன். ஒண்ணு உடல சார்."

ரஃபாயேல் கார்குழலியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டிருந்தாள். சாம்பல், நீலம், ஒரு சிவப்புச் சதுரம். இதில் எங்கே செடி தெரிகிறது? காலையில் அவர்கள் போட்ட கணக்கில் திருடியவன் ஒருவன்தான் இருந்தான். அனுப்பியவனைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். 'சிவப்புப் படத்தை எடு' என்று சொல்லியிருந்தால் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சொன்னவனுக்கு அதில் சிவப்பே தெரியவில்லை. செடிதான் தெரிந்தது. எதிராளிக்கும் அப்படியே தெரியும் என்று நினைத்துவிட்டான்.

இந்த ஊரில் அந்தக் கண் வாய்த்தவர்கள் அந்த மாடியில் இரண்டு பேர். ஒருவன் செத்துப்போனான்.

சாயங்காலம் நாலு மணிக்கு லூயியின் அறை காலையில் இருந்ததுபோலவே இருந்தது. மின்விசிறிகூட அதே முனகல். கீழே படிக்கட்டில், ரஃபாயேலின் கீழ் ஒரு காலத்தில் வேலை பார்த்த எஸ்.ஐ. நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கொளஞ்சி. மாடிப்பேச்சு கேட்கும் தூரம்.

ரஃபாயேல் தாளை மேசையில் விரித்தார்.

"தேவதாஸ் கடைசியா வாங்கின படம். திருடன் விட்டுட்டுப் போயிட்டான். இந்தச் சிவப்பு எனக்குப் புரியல. ஊர்ல தண்ணி இருக்குன்னு அர்த்தமா?"

லூயி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"இதை வெச்சி அப்படி அர்த்தம் பண்ண முடியாது, ரஃபாயேல். சவுக்கு வறட்சியைத் தாங்கற மரம். யாரோ கொஞ்சம் சவுக்குக் கன்னு வெச்சா தண்ணி ஓடுதுன்னு ஆயிடுமா?"

"வேம்பா வெள்ளரியான்னு நடந்து போய்த்தான் பாக்கணும்னு காலையில சொன்னீங்க" என்றாள் கார்குழலி. "இப்ப கன்னு வரைக்கும் தெரியுது. முட்டி சரியாயிடுச்சா சார்?"

லூயியின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போய் நடுவழியில் நின்றது. படிக்கட்டிலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது. "இதே குரலுதான் சார்."

லூயி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு லூயி பேசினார். ரஃபாயேலிடம் பேசியது மாதிரி இல்லை. படத்தோடு பேசினார்.

"என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் வந்தான். இதே படத்தைச் செல்லுல காட்டி, தாள் வீட்ல இருக்குன்னான். 'நம்ம வரைபடம் சரிதான் சார், யாரோ ஏமாத்தியிருக்காங்க, நம்ம பேர் பொழச்சிடுச்சு'ன்னான். நான்தான்னு அவனுக்குத் தோணவே இல்ல. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் ஃபேக்டரி பணத்துல பங்கு தரேன்னு சொன்னேன். அப்பத்தான் புரிஞ்சிது அவனுக்கு. ஊர்ல போய்ச் சொல்லப்போறேன்னு திரும்பினான். கைத்தடியாலதான் தள்ளினேன். கல்லுமேலேர்ந்து கடல்ல விழுந்துட்டான்."

"மேல ஏறி வந்திருப்பானே."

"வருவான்னுதான் நெனைச்சேன். தண்ணி தண்ணின்னே இருந்தவன். நீந்தத் தெரியும்னு நெனைச்சேன்."

"அவன் தேடினது பாறைக்குள்ள இருக்கற தண்ணி, லூயி."

லூயி தலையாட்டினார். "கூப்பிட்டான். உதவின்னு கத்தல. சார், சார்னு என்னைத்தான் கூப்பிட்டான்."

எஸ்.ஐ. மேலே ஏறி வந்தார். கைத்தடியை அவர் வாங்கிக்கொண்டபோது, லூயி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி நிஜமாகவே போயிருந்தது.

இருட்டுவதற்கு முன்னாலேயே ரஃபாயேலும் கார்குழலியும் ஜெயத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நல்ல செய்தி என்று சொல்ல முடியாத ஒன்றை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த ரஃபாயேல், கடைசியில் வரிசையாக, முதலில் இருந்து சொன்னார். இறக்காமல் விட்ட இரண்டு கம்பி, காலண்டர், சவுக்கு, கைத்தடி. தேவதாஸ் 'சார், சார்' என்று கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. கார்குழலி வாசல்படியில் உட்கார்ந்து ஸ்கூட்டி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஜெயம் கேட்டாள்.

"அப்ப அவரா போகல."

"இல்லம்மா. ஊருக்குச் சொல்லப் போறேன்னு திரும்பினவரைத் தள்ளிட்டாங்க."

ஜெயம் எழுந்துபோய் எரிந்து முடிந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய வர்த்தி ஏற்றினாள். தீக்குச்சியை அணைத்தபடி, திரும்பாமலே கேட்டாள். "இராமதாஸ் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நாளைக்குப் போலீஸ் போகும்."

"போலீஸ் போயி என்ன சொல்லும்? 'உங்க நெலத்துல தண்ணி இருந்துச்சும்மா, ஒம் புருஷன்தான் அவசரப்பட்டுட்டான்'னு சொல்லுமா?" அவள் குரல் இப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. "எம் புருஷனைப் புடுங்கிட்டாங்க. அவ புருஷன் அவரா போனாருண்ணே. அவளுக்கு யாரு என்ன கண்டுபுடிச்சிக் குடுக்கறது?"

ரஃபாயேல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கல்நத்தத்தில் ஒரு பெண் இந்நேரம் தன் வீட்டுப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பாளோ என்று நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜெயம் உள்ளே போய் ஒரு மாற்றுப்புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"கடைசி பஸ்ஸு இருக்குமா?"

"பஸ்ஸெல்லாம் வேணாம்க்கா" என்று எழுந்தாள் கார்குழலி. "முசே காரை எடுப்பாரு. நான் பின்னாடி உக்காந்து வாயை மூடிக்கினு வரேன்."

மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். காரின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்த ஜெயம், அப்படியே நின்று ரஃபாயேலைப் பார்த்தாள்.

"தண்ணி இருக்குன்னு மட்டும் அவகிட்ட சொல்லுவோம்ண்ணே. ரொம்ப ஆழத்துல இருக்குதாம்னு சொல்லுவோம். ரெண்டு கம்பின்னு சொல்லிடாதீங்க."